நாக்கு மரத்தால் கொட்டிவிடு

சூசை கள்ளச்சாராயத்தால் சாகவில்லை. பினாங்கிலிருந்து நான் கொண்டுபோன சீன மருந்தால் செத்தான். அவன் செத்த அன்றே எனக்கு அது தெரியும். போலீஸ் கேட்டபோது மறைத்துவிட்டேன். அதனால் தாவீது என்ற இன்னொருவன் லாக்கப்பில் அடி வாங்கினான். பிறந்த கடற்கரையை விட்டே போனான். தாவீதும் இப்போது உயிரோடு இல்லை. இனி உண்மையை எழுதுவதால் அவனுக்குக் கெடுதல் வராது என்பதால் எழுதுகிறேன். படிப்பவர்கள் என்மேல் பரிதாபப்பட வேண்டாம். அன்றைய என்னை நினைத்தால் எனக்கே கை ஓங்குகிறது.

என் பெற்றோர் ராயபுரத்துக்காரர்கள். நான் பிறந்ததும் படித்ததும் பள்ளி ஆசிரியரானதும் பினாங்கில். எனவே எனக்குச் சென்னைதான் வெளிநாடு. அறுபதுகளின் கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில், "சித்தி பொண்ணு ரெஜினாவை ஒரு தடவையாவது பார்த்துட்டு வா" என்று அம்மா விரட்டியதால் கப்பலேறினேன். வெறுங்கையோடு போக முடியாது. தைலமும் டார்ச் லைட்டும் நைலான் சேலையும் எல்லோரும் கொண்டுபோவார்கள். நான் படித்தவன் அல்லவா? எல்லோரையும்போல இருந்துவிட்டால் எப்படி?

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா கைகால் சில்லிட்டுப் படுக்கையில் கிடந்தாள். எங்கள் தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருந்த லிம் என்ற சீன வைத்தியர் வந்து, இரண்டு கைகளிலும் நெடுநேரம் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒரு மருந்து கட்டிக்கொடுத்தார். அதில் மூன்றே சரக்கு. சுக்கு, அதிமதுரம், மூன்றாவதாகக் கறுப்பாகப் பளபளக்கும் ஒரு கிழங்கின் வில்லைகள். நம் நாட்டு வைத்தியர்கள் நாபி என்று சொல்கிறார்களே, அந்த விஷக்கிழங்கின் இனம். பக்குவம் செய்துதான் சீனர்கள் விற்கிறார்கள். அப்படியும் விஷம் முழுதாகப் போவதில்லை.

அந்த மருந்தில் பல பொட்டலம் வேண்டுமென்று லிம்மிடம் போய் நின்றேன்.

"யாருக்கு?" என்று அவர் தம் ஹொக்கியன் மொழியில் கேட்டார்.

"அம்மாவுக்குத்தான். என்னோடு ஊருக்கு வருகிறாள்" என்றேன். பொய். நாடி பார்க்காமல் தர மாட்டார் என்று தெரிந்தே சொன்ன பொய்.

அம்மாவுக்குக் கொடுத்தபோது சொன்னதையே கட்டிக்கொண்டே மறுபடியும் சொன்னார்: "கறுப்பு வில்லையைத் தனியாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க விடு. கூடினால் நல்லது. பிறகுதான் மற்ற இரண்டையும் போட வேண்டும். இறக்குவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார். நாக்கு மரத்தால் இன்னும் வேகவில்லை. வேகவிடு; முடியாவிட்டால் கொட்டிவிடு. கர்ப்பிணிக்குக் கூடாது. இதய நோய்க்காரருக்குக் கூடாது. உன் அம்மாவுக்குக் கட்டியதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது."

தலையாட்டினேன். நல்ல மாணவனைப்போல் தலையாட்டினேன்.

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைக் கிளறி, பொட்டலம் ஒன்றைப் பிரித்து முகர்ந்தார். "இன்னா சார் இது, மாட்டுக்கு வைக்கிறதா?" என்றார். மருந்து என்றேன். "சுக்கு மாதிரி வாசனை வருதே" என்று ஒரு துண்டுச் சுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் போகச் சொல்லிவிட்டார். அவர் கை அரை அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. அதிகாரியே வாயில் போட்டுவிட்டார் என்று பெருமையாக இருந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவின் சங்கிலி வழியில் கழன்றது. ரிக்‌ஷாக்காரர் அதை மாட்டும்வரை கருவாட்டு மூட்டைகளுக்கும் எண்ணெய் லாரிகளுக்கும் நடுவே வெயிலில் நின்றேன். பினாங்கில் தெருவைக் கழுவி விடுவார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்போ அங்கியே குந்திகினு இருக்க வேண்டியதுதானே நைனா" என்றார். சரியான பதில். அப்போது கோபம் வந்தது.

ரெஜினாவின் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவள் புருஷன் சூசை காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டினான். கறுத்து, உயர்ந்து, சிரித்தால் சந்தே திரும்பிப் பார்க்கும். தாவீது அவனுடைய கூட்டாளி. ஒரே மரத்தில் இருவரும் சிறு வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர்கள். அன்று மதியம் சுறாப் புட்டும் நெத்திலிக் குழம்பும். அவ்வளவு ருசியான மீனை நான் அதுவரை தின்றதில்லை. பினாங்கில் எதற்கும் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிடுவார்கள் என்று அதையும் ஒரு குறையாகச் சொல்லிவைத்தேன். எதையாவது ஒப்பிட்டுப் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

சாப்பாடு முடிந்ததும் பொட்டலங்களை விரித்தேன்.

"இன்னா மச்சான், சீனாக்காரன் சுக்கு விக்கிறானா?" என்று சூசை சிரித்தான். ரெஜினா அதிமதுரத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "இது நம்ப அதிமதுரம் அண்ணே. பூசைல பாடுறவங்க வாய்ல அடக்கிக்குவாங்களே." இரண்டு சரக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. தெரிந்த இரண்டு பேரோடு வந்த மூன்றாவது ஆளை வீட்டுக்குள் விட்டுவிடுகிறோம் இல்லையா, அதுபோல விட்டுவிட்டார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பிக்கவும் செய்தேன். "இந்தக் கறுப்பை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைக்கணும்" என்றேன்.

"ஒரு மணி நேரமா? மண்ணெண்ணெய்க்கு கியூல நிக்கிறது நான் அண்ணே, நீ இல்ல" என்றாள் ரெஜினா.

சூசையும் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். விஷம் என்ற சொல்லை எடுத்தால் வெளிநாட்டிலிருந்து அண்ணன் விஷம் வாங்கி வந்தான் என்று அந்தச் சந்து முழுக்கச் சிரிக்கும். "நல்லா கொதிச்சா போதும்" என்றேன். மூன்று சொல். லிம்மின் எச்சரிக்கை முழுவதையும் அந்த மூன்று சொல்லுக்கு விற்றேன்.

மறுநாள் எல்லாம் நன்றாக நடந்தது. அதுதான் கெடுதல். ரெஜினா ஸ்டவ்வைப் பற்றவைக்காமல் மரத்தூள் அடுப்பின்மேல் பானையை வைத்துவிட்டு மீன் விற்கப் போய்விட்டாள். மரத்தூள் அடுப்பு சுலபத்தில் அணையாது. பானை தானாகவே வேண்டிய நேரம் வெந்துவிட்டது. சூசை அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, "பாதம் சுடுது மச்சான், வாடைக் காத்துல விறைச்சுப் போயிருந்த பாதம்!" என்று சந்தில் போவோர் வருவோரிடமெல்லாம் காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் நான் பினாங்கு டாக்டர் ஆகிவிட்டேன். ஒரு கிழவி தன் மருமகளுக்கு மூட்டு வலி என்று ஒரு பொட்டலம் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்கு இதய நோய் உண்டா, அவள் கர்ப்பிணியா என்று கேட்கவில்லை. அந்த மருமகள் பிழைத்தது, பொட்டலத்தை எலி இழுத்துப் போனதால் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனேன். மரங்கள் கரையேறி, பெண்கள் கூடையோடு ஏலக்காரரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சூசையும் தாவீதும் இன்னும் சிலரும் வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய ஒரு கன்னமும் உப்பியிருந்தது.

கட்டுமரத்தில் அடுப்பு மூட்ட முடியாது. குளிருக்கு இந்த ஆட்கள் ஒரு துண்டுப் புகையிலையையோ சுக்கையோ கடைவாயில் அடக்கிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். உப்புக்காற்றில் அது மெல்ல ஊறும். அது அவர்கள் வழக்கம். சூசை என் பொட்டலத்தைப் பிரித்து, சுக்கையும் அதிமதுரத்தையும் ரெஜினாவுக்கு விட்டுவிட்டு, கறுப்பு வில்லைகளை மட்டும் கொண்டுவந்து பங்கு வைத்திருந்தான். கொதிக்க வைப்பது அவ்வளவு முக்கியமில்லை என்று நினைக்க வைத்தது நான்தானே?

"மச்சான்! சரக்குன்னா சரக்கு! நாக்கு மரத்துப் போச்சு. உதட்டை கிள்ளினா தெரியல!" என்றான் சூசை.

"எனக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஓடுற மாதிரி கீது. ரத்தம் ஓடுது போல" என்றான் தாவீது.

"நீ பாதிதான் வாங்கினே, பயந்தாங்கொள்ளி. நான் பாரு, முழுசா போட்டேன்."

நாக்கு மரத்தால் கொட்டிவிடு. லிம்மின் குரல் காதில் அப்படியே கேட்டது. மறந்துவிட்டேன் என்று நான் எங்கும் சொன்னதில்லை, இங்கும் சொல்ல மாட்டேன். துப்புங்கடா என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சார், எனக்கு இடுப்பு," "நைனா, எங்க அப்பனுக்கு கால்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எனக்கு உட்காரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் துண்டால் தட்டினான். பள்ளியில் என்னை ஒருவரும் அப்படி உட்கார வைத்ததில்லை.

"அளவா போடுங்க" என்றேன்.

அளவா போடுங்க! இந்த வயதிலும் அந்தச் சொல் நினைவுக்கு வந்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அன்று மாலை கடற்கரைச் சாலைப் பக்கம் சுற்றப் போனேன். பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் வண்டியில் அத்தோ விற்றுக்கொண்டிருந்தார். நூடுல்ஸில் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார். பினாங்கின் மீ நூடுல்ஸைவிட இது மட்டம் என்று அவரிடமே சொன்னேன். அவர் வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினார். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் சந்தில் கூச்சல். சூசை விடியுமுன் கடலுக்குப் போகும்போது புதிதாக வில்லைகளை அடக்கிக்கொண்டு போயிருக்கிறான். நேற்றைவிட அதிகமாக. கரை மறையும் தூரத்தில் வாந்தி எடுத்தான். கைகால் இழுத்துக்கொண்டது. நெஞ்சு தாறுமாறாகக் குதிக்கிறது என்று தாவீதின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். தாவீது குளிர் கண்டுவிட்டது என்று நினைத்து, மரத்தில் ஒளித்து வைத்திருந்த சாராயத்தை அவன் வாயில் ஊற்றினான். பிறகு தனியாளாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ரிக்‌ஷாவில் சூசையின் தலை சாய்ந்துவிட்டது.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. வாயில் சாராய வாடை, வாந்தி, இழுப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கள்ளச்சாராயம். ஊற்றியவன் தாவீது. அவனே ஒப்புக்கொள்கிறான். முந்தின நாள் வில்லையை அடக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் நன்றாக இருந்ததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறென்ன வேண்டும்?

சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். "நீங்க படிச்சவர். இவர் வேற எதாவது சாப்பிட்டாரா? மருந்து, மாத்திரை?"

"சுக்குக் கஷாயம்தான் குடித்தான்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத் தலையசைத்தார். வெளியே ஜீப்பில் தாவீது உட்கார்ந்திருந்தான். ரெஜினா ஓடிப்போய் அவன் முகத்தில் மண்ணை வாரி எறிந்தாள். "பேமானி! கூடப் பொறந்தவன் மாதிரி சோறு போட்டனே, ஊத்திக் கொன்னுட்டியேடா!" அவன் முகத்தைத் துடைக்கவில்லை. நான் உள்ளே போய் மிச்சப் பொட்டலங்களை எடுத்துக் கொண்டுபோய்க் கரையோரக் கற்களுக்கு அப்பால் கடலில் போட்டேன். அடக்கம் முடிந்ததும் கப்பலேறிவிட்டேன்.

சில ஆண்டுகள் போயின. அந்தப் பக்கத்து மாலுமி ஒருவன் பினாங்கில் என்னைப் பார்த்து ஊர்க்கதை பேசும்போது, லாக்கப்பில் அடி வாங்கி வெளியே வந்த தாவீது காசிமேட்டில் தலைகாட்ட முடியாமல் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போய்விட்டான் என்றான். "அவன் வந்தா பொம்பளைங்க காறித் துப்புறாங்க சார்." அன்று நான் லிம்மின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கிழவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "பச்சையாகத் தின்னவிட்டாயா? பார்த்துக்கொண்டு நின்றாயா?" என்று கேட்டார். கூட்டாளி சாராயம் ஊற்றியதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "மது அந்த விஷத்தை வேகமாக உடம்பில் ஏற்றும். அதை ஊற்றாமல் இருந்தால் ஒருவேளை கரை வந்து சேர்ந்திருப்பான். ஒருவேளை." பிறகு கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே மாட்டினார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை, அம்மா சாகக் கிடந்தபோதுகூட.

மீண்டும் ராயபுரம். இம்முறை சுங்கத்தில் பிரிக்க ஒன்றுமில்லை. ரெஜினா வாசலில் அமர்ந்து வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் அறுப்பதை நிறுத்தவில்லை. முழு மீனையும் அறுத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுக் கேட்டாள்:

"அப்போ நான் மண்ணை வாரி எறிஞ்சது யார் மேல?"



"வா" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். காசிமேடுவரை விடவில்லை. வலை உலர்த்தும் இடத்தில், எல்லோர் எதிரிலும் நிறுத்தினாள். "சொல்லு. என்னாண்ட சொன்னதை இவங்களாண்ட சொல்லு. இங்கிலீஷ்ல இல்ல, இவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லு."

சொன்னேன். கறுப்பு வில்லை விஷம் என்று, நாக்கு மரத்தது விஷத்தின் அடையாளம் என்று, தெரிந்தே சும்மா இருந்தேன் என்று. யாரோ என் காலடியில் துப்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் நெருங்கி வந்து காதோரம் கேட்டார்: "அத்த வேகவெச்சு குடிச்சா நல்லதுதானே நைனா? இன்னும் எதுனா கீதா?"

அந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்! ஒரு சாவுக் கதையைச் சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள்! அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "உன் நாடியைப் பார்த்த வைத்தியன் உனக்கென்று கட்டிக்கொடுக்காத எதையும் தின்னாதே! சுக்கோடு வந்தாலும் தின்னாதே! நான் கொடுத்தாலும் தின்னாதே!" என்று கத்தினேன். கத்த வேண்டிய நாளில் கத்தாத அதே இடத்தில். ரெஜினா என் கையை விலக்கினாள். "அவரை இன்னாத்துக்குப் புடிக்கிறே? உன்னைப் புடிச்சுக்க" என்றாள்.

மறுநாள் எண்ணூர் பஸ். திருவொற்றியூர் தாண்டியதும் டயர் வெடித்தது. தொழிற்சாலைப் புகையில் கண் எரிய, கண்டக்டரும் பயணிகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றார்கள். "போய் சேர்ற ஊருக்கு நடந்தே போய்டலாம்யா!" என்று ஒருவர் கிளம்பினார். நானும் கிளம்பினேன். கழிமுகம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

தாவீது மணலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தான். ஒடுங்கிப் போயிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றான். அந்த மரியாதை என்னைக் கொன்றது. சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கட்டும் என்றும் இருந்தது.

"போலீஸ் அடிச்சதை வுடு சார்," என்றான் கடைசியில். "அது ஆறிப்போச்சு. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இத்தினி வருசமா நான்தான் ஊத்திக் கொன்னேன்னு நெனச்சிகினு கீறேன். படுத்தா அவன் வாய்ல நான் ஊத்தறதுதான் தெரியுது. நான் ஊத்தாம வுட்டிருந்தா, சூசை பொழைச்சிருப்பானா?"

கையில் பிரிக்காத இறால் ஒன்று இருந்தது. அதைக் கீழே போடாமல் நின்றான். குடிசை வாசலில் அவன் மனைவி வந்து நின்றாள்.

உண்மை சொல்லத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். ஒருவேளை என்று லிம் சொன்ன சொல் என் நாக்கில் இருந்தது.

"இல்லை" என்றேன். "மருந்து உள்ளே போனதுமே அவன் கதை முடிந்துவிட்டது. நீ தண்ணீரை ஊற்றியிருந்தாலும் செத்திருப்பான்."

"சத்தியமா?"

"சத்தியமா. மாதா மேல் ஆணை."

தாவீது மனைவியின் பக்கம் திரும்பினான். "கேட்டியா? ஏய், கேட்டியா? நான் இல்லியாம்!" பிறகு பக்கத்துக் குடிசைக்காரர்களைப் பார்த்து, "நான் இல்லியாம்யா! சார் பினாங்குலேர்ந்து வந்து சொல்றாரு!" என்று கத்திக்கொண்டே மணலில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? தூத்தேறி. போயிடு. இன்னொரு தபா இந்தப் பக்கம் வராதே."

வந்துவிட்டேன், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரெஜினா நேரில் போய்த் தாவீதையும் அவன் மனைவியையும் ராயபுரத்துக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டாளாம். அவன் மறுபடியும் காசிமேட்டில் மரம் ஏறினானாம். எல்லாம் அந்த மாலுமி சொல்லித்தான் தெரியும். ரெஜினா எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

போலீஸாரிடம் சொன்ன பொய்யையும், லிம்மிடம் சொன்ன பொய்யையும், கடற்கரையில் சும்மா இருந்ததையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுப் பலமுறை சொல்லிவிட்டேன். மாதாவின் பெயரால் கழிமுகத்தில் செய்த ஆணையை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்காக வருந்துகிறேன் என்றும் சொல்ல வேண்டும். நான் வருந்தவில்லை.